திங்கட்கிழமை ரத்தம்

எனக்குக் கல்லீரல் என்று ஒன்று இருக்கிறது என்பதை நான் முதன்முதலாக உணர்ந்தது புனேயில், மகர்பட்டா அலுவலகக் கேண்டீனில், பாதி தின்ற வடா பாவைக் கையில் வைத்துக்கொண்டு. கம்பெனி செலவில் வருடா வருடம் நடக்கும் உடல் பரிசோதனையின் முடிவு அப்போதுதான் போனில் வந்து விழுந்திருந்தது. சர்க்கரை பச்சை. தைராய்டு பச்சை. கொழுப்பு, நான் தின்கிற தீனிக்கு இருக்கவே கூடாத அளவுக்குப் பச்சை. பரீட்சையில் பாஸான திமிரோடு கீழே கீழே தள்ளிக்கொண்டே வந்தால், 'லிவர்' என்கிற தலைப்புக்குக் கீழே இரண்டு வரி மட்டும் சிவப்பு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியவை. என்னுடையவை இரண்டும் நூறைத் தாண்டியிருந்தன.

பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னான்: "பார்ட்டியைக் கொஞ்சம் குறைச்சுக்கோ."

நான் வாழ்க்கையில் குடித்ததிலேயே காட்டமான பானம் ரயில் நிலைய டீ. அதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. அடுத்த இரண்டு மாதம் யாருமே நம்பப்போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் கோந்த்வாவில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் ஊர் கோயம்புத்தூர். மாமா, அதாவது அக்காவின் கணவர், கசார்வாடியில் ஒரு பட்டறையில் மோட்டார் பாகங்கள் சரியான அளவில் வந்திருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது ரிசல்ட்டை மேசையில் வைத்தேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடிக்கிறயா?"

"இல்லக்கா."

"என்ற மேல சத்தியமா?"

"உன்ற மேல சத்தியமா."

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் மாமா சொன்னார்: "அப்ப நான் குடிச்சதுதான் அவளுக்கு ஏறிருச்சு போல."

"நீங்க செத்த சும்மா இருங்க. இவ ஆபீசுல என்னென்ன எழவைத் திங்கறாளோ. ஏ புள்ள, ஈரலு கெட்டா என்ன ஆவுமுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஆனால் எனக்குப் பயத்தைவிட ஒருவிதமான உற்சாகம்தான் வந்தது. சொன்னால் தப்பாகத் தோன்றும். என் வேலையே மென்பொருளில் பிழை பிடிப்பது. ஒரு திரை ஏன் உறைகிறது, ஒரு பட்டன் ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மக்கர் பண்ணுகிறது என்று தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இப்போது பிழை எனக்குள்ளேயே இருக்கிறது. இதைவிட வசதி உண்டா?

அந்த உற்சாகத்துக்கு நடுவில் ஒரு கவலையும் இருந்தது. அது கல்லீரலைப் பற்றியது இல்லை. டோல் பற்றியது.

புனேயில் மழை தொடங்கியதும் ஆற்றங்கரை ஓரத்தில் தகரக் கொட்டகைகள் முளைக்கும். ஒவ்வொரு கொட்டகைக்குள்ளும் ஒரு குழு. கணபதி ஊர்வலத்தில் அடிப்பதற்காக இரண்டு மாதம் முன்னாலிருந்தே பயிற்சி. டோல் என்பது இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டி அடிக்கிற பெரிய முரசு. ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறும் கை. கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், பல் டாக்டர்கள், எல்லாரும் வேலை முடிந்து நேராக அங்கே வருவார்கள். புனேக்கு வந்த முதல் இரண்டு வருடமும் நான் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தவள். மூன்றாவது வருடம் கொட்டகைக்குள் நுழைந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில், நானும் அடிக்க வேண்டும் என்றேன்.

எங்கள் குழுவை நடத்துபவரை எல்லாரும் 'தாயி' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அக்காவுக்கு அதுதான் சொல். பகலில் வங்கியில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மாலையில் விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அறுபது பேரை ஆட்டிவைப்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பயிற்சிக்கு வராதவருக்கு ஊர்வலத்தில் இடம் கிடையாது. காய்ச்சல், கல்யாணம், கம்பெனி அனுப்பும் வெளிநாட்டுப் பயணம் எதுவும் செல்லாது.

சேர்ந்த சில வாரங்களில் தாயி என் தோளைப் பிடித்துப் பின்வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு நகர்த்தினார். நகர்த்தினார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். விசர்ஜன் அன்று, கணபதியைக் கரைக்கக் கொண்டுபோகிற அந்தக் கடைசி ஊர்வலத்தில், இரண்டாம் வரிசையில் நான். அந்த ஆண்டு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே கல்லீரலைச் சீக்கிரம் சரிசெய்தாக வேண்டும்.

முதல் டாக்டரைப் போன் திரையில்தான் பார்த்தேன். கம்பெனி ஏற்பாடு. தொடங்குவதற்கு முன் ஒரு பக்கம் கேள்விகள். மது? இல்லை. புகை? இல்லை. உடற்பயிற்சி? நான் ஜிம்முக்குப் போவதில்லை. ஓடுவதில்லை. யோகா வகுப்புக்குப் பணம் கட்டி ஒரே ஒரு நாள் போனேன். 'நாளின் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பவர்' என்பதை மனச்சாட்சியோடு தொட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர்தான். குடிப்பதுண்டா என்று நேராகக் கேட்டார். பிறகு வார இறுதியில் நண்பர்களைச் சந்திப்பதுண்டா என்று கேட்டார். பிறகு, கொஞ்சம்தான் என்றாலும் சொல்லலாம் என்றார். கடைசியாக வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றார். தோள் வலிக்கு எப்போதாவது ஒரு மாத்திரை என்றேன். நிறுத்துங்கள் என்றார். தோள் ஏன் வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சந்தேகக் குற்றவாளிகளை நான் வரிசையில் நிறுத்தினேன். அந்தத் தோள் வலி மாத்திரை. அலுவலகத்தில் தண்ணீருக்குப் பதிலாக நான் குடித்துக்கொண்டிருந்த கிரீன் டீ. மன அழுத்தம் குறையும் என்று பக்கத்து நாற்காலிக்காரன் கொடுத்த அமுக்கரா மிட்டாய். சனிக்கிழமைக் காலையில் காரக் குழம்போடு தின்கிற மிசல் பாவ். என் திட்டம், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இதுதான் எங்கள் தொழிலின் வேதம்.

"ஒவ்வொண்ணா நிறுத்துனாத்தான் எதுனாலன்னு தெரியும்க்கா."

"எதுனாலயா இருந்தா எனக்கென்ன? எல்லாத்தையும் நிறுத்து. ஈரலு பொழச்சாப் போதும்."

"அப்ப காரணம் தெரியாமயே போயிரும்."

"காரணம் தெரிஞ்சு என்ன, கல்வெட்டுல வெட்டவா போறே?"

அக்கா எல்லாவற்றையும் நிறுத்தினாள். டீ, மிட்டாய், மிசல், வடா பாவ், மாத்திரை, அலுவலகக் கேண்டீன். எனக்குக் காலையும் மாலையும் ரசம் சாதம். டோலை மட்டும் யாரும் தொடவில்லை. "அது போகட்டும். நல்லா வேர்க்கும். வேர்த்தா உள்ள இருக்கற வெசமெல்லாம் வெளிய வந்துரும்" என்று அவளே சொன்னாள். எனக்கும் அது சரியாகப்பட்டது. மற்ற சந்தோஷங்கள் எல்லாம் பறிபோனதால் முன்னைவிட வெறியோடு அடித்தேன்.

விஷயம் கோயம்புத்தூருக்குப் போனது. அம்மா போனில் அழவில்லை. அம்மா அழுகிற ரகம் இல்லை, அனுப்புகிற ரகம். ஈரத்துணியில் சுற்றிய கீழாநெல்லிச் செடி ஒரு கட்டு கூரியரில் வந்து இறங்கியது.

"அம்மிணி, வேரோட அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிக்கோணும். காமாலையே ஓடிப் போயிரும்."

"எனக்குக் காமாலை இல்லம்மா."

"வர்றதுக்கு முன்னாலயே ஓடட்டும்."

புதிதாக ஒன்றை உள்ளே விட்டால் கணக்குக் கெட்டுப்போகும் என்று விளக்கினேன். அம்மாவுக்கு அந்தத் தர்க்கம் பிடிபடவில்லை. அதற்குள் மாமா கூரியர் பெட்டியைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். திரும்பி வரும்போது கையில் அதே செடி, இன்னும் பெரியதாக.

"நம்ம ஸ்கூட்டர் நிறுத்தற எடத்துல புதரா மொளைச்சுக் கெடக்குது. உங்கம்மாகிட்டச் சொல்லு, வேணும்னா இங்கிருந்து நாம அனுப்பலாம்."

அம்மா அனுப்பியதை அக்கா பால்கனித் தொட்டியில் நட்டுவைத்தாள். குடிக்காவிட்டால் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று.

அடுத்த ரத்தப் பரிசோதனை. திங்கட்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் ஆய்வகத்தில் எப்போதும் திங்கட்கிழமைக் காலைக்கே பதிவு செய்வேன். மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஓர் அம்மா ஸ்கூட்டரில் வந்து, நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ரசம் சாதத்தால் சுத்திகரிக்கப்பட்ட ரத்தம். பெருமையோடு கையை நீட்டினேன்.

மாலையில் ரிசல்ட் வந்தது. இரண்டும் கூடியிருந்தன. எஸ்.ஜி.ஓ.டி. இருநூறுக்கு மேலே.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கிண்டலை விட்டுவிட்டு, எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று போனில் தேட ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகள் எல்லாம் எடுத்தோம். ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே, கொழுப்புகூட இல்லை, அழகான லிவர் என்றார். வெளியே வந்து சொன்னதும் மாமாவுக்குக் கிண்டல் திரும்பியது.

"அழகுன்னு சர்டிபிகேட்டு வாங்குன மொத ஈரல், நம்ம குடும்பத்துல."

ஆனால் திரையில் வந்த டாக்டர் சிரிக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்த்துவிடுவது நல்லது என்றார். அவர் தேவை என்று நினைத்தால், ஊசியால் ஒரு சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஒரு நாள் படுக்கை, அப்புறம் சில வாரம் எடை தூக்கக்கூடாது.

எடை. டோலை இடுப்பில் கட்டினால் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். காலண்டரைத் திறந்து பார்த்தேன். சில வாரம் என்றால் விசர்ஜன் போய்விடும். அன்றைக்குப் பேருந்தில் வரும்போது என் பெருமைமிகுந்த மூளை ஒரு புதிய வேலை செய்தது. இது விளையாட்டில்லையோ, உண்மையிலேயே உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறதோ என்று கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு இன்னும் எத்தனை நிறுத்தம் என்று எண்ணத் தொடங்கினேன்.

நிபுணர் ஓர் அம்மா. புனேயின் கேம்ப் பகுதியில் பழைய கட்டடம், மாடிப்படி முழுக்கக் குடை. அக்கா என்னோடு உள்ளே வந்தாள். மாமா பைக் நிறுத்த இடம் தேடிப் போனார். டாக்டர் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம், தனக்குத்தானே பேசும்போது மராத்தி. என் காகிதங்களை எல்லாம் புரட்டினார். நாக்கு, கண், நகம் பார்த்தார். பிறகு மேசையில் படுக்கச் சொன்னார். கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதற்காகச் சட்டையைக் கொஞ்சம் ஒதுக்கினார்.

அவர் கை நின்றுவிட்டது.

என் இடுப்பைச் சுற்றி, கயிறு இறுகும் இடத்தில், பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. இடது பக்கம் ஊதா, வலது பக்கம் பச்சையும் மஞ்சளும். எனக்கு அது பழகிப்போயிருந்தது. எங்கள் குழுவில் எல்லாருக்கும் இருக்கும்; கொட்டகையில் ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமையடித்துக்கொள்வோம்.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா?" என்றார் டாக்டர்.

"இல்ல மேடம்."

"மூக்கில்?"

"இல்ல."

கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவது குறையும், தொட்டாலே கன்றும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் அவர் முகம் மாறிவிட்டது என்பதுதான். என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். வலதில் குச்சிக் கொப்புளம், இடதில் தோல் உரிந்த காய்ப்பு. மணிக்கட்டுக்கு மேலேயும் ஒரு கன்றல். அக்காவைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்றார், மிகவும் மரியாதையாக.

அக்கா போனதும் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

"அக்கா, மாமா, நான்."

"மாமாவும் வந்திருக்கிறாரா?"

"ஆமா. பைக் நிறுத்தப் போயிருக்கார்."

"பயப்படாமல் சொல். உன்னை யாராவது அடிக்கிறார்களா?"

எனக்கு ஒரு நிமிடம் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும், கசார்வாடியில் ஒரு மயிரிழை தப்பினால்கூடப் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கிற மாமா கண்முன் வந்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதை அழுகை என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மேடம். யாரும் அடிக்கல. நான்தான் அடிக்கறேன்."

"யாரை?"

"டோலை."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "எந்தக் குழு?" என்றார். சொன்னேன். "எத்தனை நாளாக?" மழை தொடங்கியதிலிருந்து. "தினமுமா?" வாரத்தில் சில நாள் மாலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்திலிருந்தே. கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்து, கடைசியில் காகிதங்களை மறுபடியும் கையில் எடுத்தார். தேதிகளைப் பார்த்தார். போனில் காலண்டரைத் திறந்தார்.

"திங்கள். இதுவும் திங்கள். உனக்கு வேறு கிழமையில் ரத்தமே ஓடாதா?"

"திங்கட்கிழமைதான் மேடம் எனக்கு வீட்டிலிருந்து வேலை."

அப்போதுதான் எனக்குத் தலையில் கொட்டியதுபோல் இருந்தது. டீயை மாற்றினேன், மிட்டாயை மாற்றினேன், சாப்பாட்டையே மாற்றினேன். மாறாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமை டோலும் திங்கட்கிழமை ஊசியும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மக்கர் பண்ணும் பட்டனைக் கண்டுபிடித்துப் பாராட்டு வாங்கியவள் நான்.

டாக்டர் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு பொருள்களும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமில்லை. தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாத தசையைப் போட்டு வதைத்தால் அது கிழிந்து, இவை ரத்தத்தில் கொட்டும். "ஆனால் ரிப்போர்ட்டில் லிவர் என்கிற தலைப்புக்குக் கீழே அச்சடித்திருக்கிறார்கள். தெருவில் செருப்பு காணாமல் போனாலும் பழைய கேடியைத்தானே முதலில் ஸ்டேஷனுக்கு இழுத்துவருவார்கள்? அப்படித்தான் லிவரும்." பிறகு அதே காகிதத்தில் வேறு வரிகளைக் காட்டினார். பித்தம் சரி. புரதம் சரி. ரத்தம் உறைவது சரி. காமா ஜி.டி. என்று ஒன்று, கல்லீரல் நோகும்போது பெரும்பாலும் கூடவே ஏறுகிற வரியாம், அதுவும் சரி. எல்லாம் முதல் நாளிலிருந்தே பச்சையாக இருந்தவை. பச்சையாக இருந்ததால் நான் படிக்கவே இல்லை. பிழை பிடிக்கிறவளுக்குச் சிவப்பு மட்டும்தான் கண்ணில் படும்.

"உடற்பயிற்சி இல்லை என்று எழுதியிருக்கிறாயே?"

"அது உடற்பயிற்சி இல்லையே மேடம். வாசிக்கறது."

"உன் தோளிடம் கேட்டுப் பார்."

ஆனாலும் ஊகம் போதாது என்றார். தசைக்கென்றே தனியாக ஒரு சோதனை உண்டு, சி.பி.கே. என்று. அன்றைக்கே எடுத்தார்கள். இருநூறுக்குள் இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் வந்தது. அது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் திட்டு. இந்த அளவுக்குத் தசை கிழிந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. நிறையத் தண்ணீர் குடி, டோலைத் தொடாதே. பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம். இறங்கினால் குற்றவாளி டோல். இறங்காவிட்டால் லிவரை மறுபடி விசாரிக்க வேண்டும், ஊசி உட்பட.

வெளியே மாமா கையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். டாக்டர் அறை வாசலுக்கு வந்து அவரைப் பார்த்து, காரணமே இல்லாமல் மிக அன்பாகச் சிரித்தார். மாமாவும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

"என்ற புருசன், அடிக்கறதா? கொசுவ அடிக்கச் சொன்னாலே என்னைக் கூப்படற ஆளு."

"ஏய், ஜெயிலுக்குப் போயிருப்பேன்டி" என்றார் மாமா. அன்றைக்கிலிருந்து நான் எதிலாவது இடித்துக்கொண்டால் உடனே, "சாட்சி எல்லாரும் பாத்துக்கோங்க, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்பார்.

சிரிப்பு முடிந்ததும் பத்து நாள் என்கிற சொல் எதிரே வந்து நின்றது. கணபதி வருவதற்கு முந்தைய பத்து நாள். டோல் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டுமானால் நான் அடிக்கக்கூடாது. அடிக்காவிட்டால் தாயியின் சட்டப்படி ஊர்வலத்தில் இடமில்லை. இடமில்லை என்றால் எதற்காக இத்தனை நிரூபணம்?

கொட்டகைக்குப் போனேன். தகரத்தின் மேல் மழை. தாயி கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தியும் மராத்தியும் கலந்து எல்லாவற்றையும் கொட்டினேன், எஸ்.ஜி.பி.டி., தசை, திங்கட்கிழமை, ஊசி. அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னார்? டோலைத் தொடாதே என்றாரா, கொட்டகைக்கு வராதே என்றாரா?"

"தொடாதேன்னு."

"என் சட்டம் என்ன?"

"பயிற்சிக்கு வரணும்."

"அப்புறம் ஏன் அழுகிற முகத்தோடு நிற்கிறாய்? வந்து உட்கார்."

நான் உட்கார்ந்தேன். பத்து நாளும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். தாயி என்னைச் சும்மா உட்காரவிடவில்லை. அடிகளை எல்லாம் வாயால் சொல்ல வைத்தார். அறுபது டோல் முழங்க, நான் தொண்டை கிழிய, திம் திம் தாக் திம். கொஞ்ச நாளில் எனக்கே தெரிந்தது, இவ்வளவு நாள் நான் பக்கத்தில் அடிப்பவரின் கையைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறேன் என்று. இப்போது அடி எங்கே விழும் என்று வாய்க்குத் தெரிந்தது. கூடவே எனக்குத் தண்ணீர் இலாகாவும் வந்து சேர்ந்தது. இடைவேளையில் யார் குடிக்காமல் நழுவினாலும் நான் போத்தலோடு வழிமறிப்பேன். குழுவில் பாதிப் பேருக்கு என் கதை பரவி, ஆளாளுக்கு வந்து தங்கள் கல்லீரலை விசாரித்தார்கள். குழுவில் இருந்த பல் டாக்டர் மட்டும் அமைதியாக, தனக்கும் போன வருடம் இதே எண்கள் ஏறியிருந்ததாகவும், வெளியே சொன்னால் மானம் போகும் என்று வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னார்.

இப்போது விளையாட்டாகச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பத்து நாளும் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். இறங்காவிட்டால் என்ன என்பதை யாரிடமும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை, தொட்டியில் இருந்த கீழாநெல்லிக்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் ஊற்றினாள்.

அந்த முறை வியாழக்கிழமை ரத்தம் கொடுத்தேன். ஸ்கூட்டர் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு வியாழன்தானே?" என்று என்னிடமே கேட்டார்.

ரிசல்ட்டை அக்காதான் திறந்தாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கீழே தள்ளினாள். சி.பி.கே. பச்சை. எஸ்.ஜி.ஓ.டி. பச்சை. எஸ்.ஜி.பி.டி. ஐம்பதை ஒட்டி, இன்னும் லேசான சிவப்பு. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் டாக்டரை அழைத்தேன்.

"அப்படித்தான் இருக்கும். வந்த விருந்தாளியில் ஒருத்தர் சொன்னதும் கிளம்பிவிடுவார். இன்னொருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் போவார். எஸ்.ஜி.பி.டி. அந்த ரகம். போகிறபோது போகும். ஊசி வேண்டாம்."

"டோல்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு தெரு அடித்தால் ஒரு தெரு ஓய்வு, கையில் தண்ணீர், வலி மாத்திரை கூடாது என்றார். "விசர்ஜன் அன்று எத்தனை மணிக்கு உங்கள் குழு?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார் என்று போனை வைத்தார்.

தாயி என்னையும் இன்னொரு பெண்ணையும் ஒரே டோலுக்கு ஜோடி சேர்த்தார். இரண்டாம் வரிசை, இடது ஓரம். வெள்ளைக் குர்தா, காவி முண்டாசு. எங்கள் முறை மதியத்தில் வந்தது. விசில் ஊதியதும் அறுபது டோலும் ஒன்றாக விழுந்த அந்த முதல் அடியில் எனக்கு இதயம், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. இரண்டு பக்கமும் பால்கனிகளில் ஜனம். நான் பக்கத்துக் கையைப் பார்க்கவில்லை. வாய் முணுமுணுத்தது, கை பின்னால் வந்தது. ஒரு தெரு முடிந்ததும் டோலை அவிழ்த்து ஜோடிக்காரிக்குக் கட்டினேன். அடுத்த தெருமுனையில் அவள் எனக்குக் கட்டினாள். இந்த முறை துணியை மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்திருந்தோம்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை தெரிந்தது. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பி, கையில் இரண்டு லிட்டர் போத்தலை ஆட்டினாள். டோல் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாயசைவு தெளிவாகத் தெரிந்தது. தண்ணி குடிடி. பக்கத்தில் நின்ற மராத்திக்காரப் பாட்டிகள் மூன்று பேர் அவளோடு சேர்ந்து, அர்த்தம் தெரியாமலே, தண்ணி குடிடி என்று தாளத்துக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள் என்று மாமா அப்புறம் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, தோளைத் தூக்க முடியாமல் போனைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆய்வகத்திலிருந்து அழைப்பு. வழக்கமான வாடிக்கையாளராம் நான். மறுபரிசோதனைக்கு இன்றைக்கே ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள்.

"வேண்டாங்க" என்றேன். "இப்ப எடுத்தா எங்கம்மா இன்னொரு கட்டு கீழாநெல்லி அனுப்பிருவாங்க."

தமிழில் சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. இந்தியில், அடுத்த மாதம் பார்க்கலாம், வியாழக்கிழமையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, குப்புறப் படுக்க முடியாததால் மல்லாந்தே தூங்கினேன்.